பர்மா அப்பத்தாவும் ஒரு காலிக் கட்டமும்

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ, பங்காளி முறையில் சித்தப்பா ஒருத்தர் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுய்யா" என்றார். பேரையூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது. அதையொட்டி வம்சாவளியைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து வரி கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஒன்று கொடுக்கலாம் என்று பேச்சு.

ஐந்து தலைமுறை எழுதியிருந்தது. ஒவ்வொரு ஆணின் பெயருக்கு நேரே மனைவி பெயர், அதற்குப் பக்கத்தில் அவர் பிறந்த ஊர். எழுமலை, சாப்டூர், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி என்று வரிசையாகப் போகிறது. எங்கள் தாத்தா பெயருக்கு நேரே மட்டும் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே எங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை மூன்று பேரின் பெயரும் ஒழுங்காக இருக்கிறது. பெற்றவள் இல்லாமல் மூன்று பிள்ளைகள்.

பெயர் தெரியாததால் போட்ட கோடு இல்லை அது. எல்லாருக்கும் தெரியும். எங்கள் அப்பத்தா பர்மாக்காரி.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று தேடப் போய் எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை. வீட்டுக் கதையும் வரலாறும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வானம் பார்த்த ஊரும் ரங்கூன் பணமும்

பேரையூர் மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்து வட்டாரம். கரிசலும் செவலுமாகக் கிடக்கும் பூமி. மழை பெய்தால் பருத்தி, சோளம். பெய்யாவிட்டால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்தில் கிளம்பிய திசைகள் மூன்று: சிலோன், மலேயா, பர்மா.

பர்மா அன்றைக்கு வெளிநாடே இல்லை. 1937 ஏப்ரல் 1 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பர்மா முழுக்கச் சுமார் 10 லட்சம் பேர். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ரைஸ் மில்லிலும் துறைமுகத்திலும் வயலிலும் உழைத்தார்கள். 'பராசக்தி' (1952) படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: அண்ணன்மார் மூணு பேரும் ரங்கூனில், தங்கச்சி கல்யாணி மதுரையில். அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்பத்துக்கு ரங்கூன் என்றால் பணம் வருகிற ஊர். அங்கேயும் ஒரு குடும்பம் இருக்கலாம் என்பதை யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள்.

ஆனால் இருந்தது. போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அதுவும் தனியாகப் போனவர்கள். வருஷக்கணக்காக அங்கேயே இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. பலருக்கு ஊரில் ஒரு குடும்பம், அங்கே ஒரு குடும்பம். சிலருக்கு அங்கே மட்டும்தான் குடும்பம். எங்கள் தாத்தா இரண்டாவது வகை. சிறுவனாகத் தன் அப்பாவோடு பெகுவுக்குப் போனார். 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கான ஜனத்தோடு மலையும் காடும் தாண்டி நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். சண்டை முடிந்ததும் மறுபடி போய் ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார். அங்கேதான் அப்பத்தாவைக் கட்டினார்.

கட்டியவள், ஆனால் மனைவி இல்லை

தேடும்போது என்னை உட்கார வைத்த விஷயம் இது. 1939க்கு முன்பு ஒரு இந்து ஆண் பர்மிய பௌத்தப் பெண்ணோடு முறையாகக் குடும்பம் நடத்தினாலும் அதை நீதிமன்றம் திருமணமாக ஏற்கவில்லை. பர்மிய பௌத்த வழக்கப்படி ஆணும் பெண்ணும் ஊரறியச் சேர்ந்து வாழ்ந்தாலே கல்யாணம்தான். ஆனால் ஆணின் இந்துச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. அதனால் அவர் செத்தாலோ ஊருக்குத் திரும்பினாலோ அவளுக்குச் சொத்து இல்லை. பிள்ளைகளுக்கு முறையான வாரிசு என்ற பேரும் இல்லை. இருபது வருஷம் சோறாக்கிப் போட்டவள் சட்டத்தின் பார்வையில் வைப்பாட்டி.

இதில் பர்மியர்களுக்கு எவ்வளவு கோபம் இருந்திருக்கும்? 1938ல் ரங்கூனில் வெடித்த கலவரத்தை விசாரித்த குழுவும் இந்தத் திருமணப் பிரச்சினையைக் காரணங்களில் ஒன்றாகப் பேசியது. அடுத்த ஆண்டே பௌத்தப் பெண்களின் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் தனிச்சட்டம் வந்தது. 1954ல் அதை மாற்றி இன்னொரு சட்டம்.

அந்தப் பக்கமும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. இந்தியர்களை அங்கே 'கலா' என்பார்கள். மரியாதையான சொல் இல்லை அது. கலப்புப் பிள்ளைகளுக்கு 'கபியா' என்று பேர். அப்பத்தா ஒரு கலாவைக் கட்டியதற்காக அவளுடைய அண்ணன் சாகும்வரை அவளோடு பேசவில்லை என்று அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1982 குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்பே அங்கே குடியிருந்த இனங்களை முழுக் குடிமக்கள் என்றது. மற்றவர்களில் பலருக்குக் கீழ்ப்படிக் குடியுரிமைதான். 2015ல் பௌத்தப் பெண்கள் வேற்று மதத்தாரை மணப்பதைக் கட்டுப்படுத்தப் புதுச் சட்டமும் வந்தது. பெண்ணைக் காக்க என்று 1939ல் தொடங்கியது, பெண்ணைக் காவல் காக்க என்று முடிந்தது.

கப்பலில் வந்தவள்

1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் கடை, மில், வங்கி எல்லாம் அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சேர்த்து வைத்தது ஒரே நாளில் காகிதமானது. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கப்பலேறி வந்தார்கள். சென்னை பாரிமுனையில் 1969ல் உருவான பர்மா பஜாரும், ஊருக்கு ஊர் இருக்கிற பர்மா காலனிகளும், அத்தோ கடைகளும் அவர்கள் போட்ட தடங்கள்தான். இங்கே ஒட்ட முடியாமல் பர்மாவுக்கே திரும்பி நடந்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்ட தமிழர்களும் உண்டு.

1965ல் தாத்தா, அப்பத்தா, மூன்று பிள்ளைகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து பேரையூர் வந்து சேர்ந்தார்கள். அப்பாவுக்கு 16 வயசு.

ஊர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொம்பளை என்ன சாதி?" இதற்குத் தாத்தாவிடம் பதில் இல்லை. கீழே, மேலே என்று வைக்க ஒரு படி வேண்டும். பர்மாக்காரிக்குப் படியே கிடையாது. அதனால் அடுப்பைத் தனியாக வைத்தார்கள். தாத்தாவின் அம்மா கடைசிவரை அப்பத்தா கையால் தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. ஊருக்காக ஒரு தமிழ்ப் பேர் வைத்தார்கள். பர்மாவில் கல்யாணம் ஆனாலும் பெண் தன் பேரை மாற்றுவதில்லை. அங்கே குடும்பப் பேர் என்ற வழக்கமும் இல்லை. அவளுக்கு என்று இருந்த ஒரே சொத்து அந்தப் பேர். அதுவும் போனது.

எனக்கு நினைவு தெரிந்த அப்பத்தா, கொச்சையில்லாத பேரையூர்த் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் வேறு பாஷை வரும். மொய்ங்கா வைப்பாள், மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டு, மேலே நூடுல்ஸுக்குப் பதில் நம்ம ஊர் இடியாப்பம். தெருவில் எல்லோரும் வந்து சாப்பிடுவார்கள், அவள் அடுப்புக்குத் தீட்டு என்று சொன்ன வீட்டுப் பிள்ளைகளும்தான். அவர்களுடைய கைக்குக் கிண்ணம் போகும், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அவள் போக மாட்டாள். 1994ல் இறந்தாள்.

மூக்கு வேண்டாம், நிறம் வேண்டும்

குடும்பத்துக்குள் இருக்கிற இன வெறுப்பு வெளியில் இருப்பதைப் போல முழுசாக வெறுக்காது. பொறுக்கி எடுத்துக்கொள்ளும். அப்பத்தாவின் மூக்கையும் கண்ணையும் 'சப்பை' என்று கேலி பண்ணிய அதே வாய், "நிறம் மட்டும் பர்மாக்காரி நிறம்" என்று என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னது. என் தங்கை பிறந்தபோது, "கலரு பெரியாத்தா கலரு, மூக்கு நம்ம மூக்கு, தப்பிச்சா" என்றார் ஒரு கிழவி. அப்பத்தா அந்தக் கட்டிலோரம்தான் உட்கார்ந்திருந்தாள்.

இது நம்ம ஊரில் மட்டும் இல்லை. ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வீடுகளில் 'மெஹோரார் லா ராசா' என்று ஒரு பேச்சு உண்டு. 'இனத்தை மேம்படுத்து' என்று பொருள். உன்னைவிட வெளுப்பான ஆளாகப் பார்த்துக் கட்டு என்று அர்த்தம். பாட்டிமார்கள் பாசமாகத்தான் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் அப்பா, அம்மா, பிள்ளை என்று வரிசையாக ஓவியம் வரைந்து, எந்தக் கலப்புக்கு என்ன பேர் என்று கீழே எழுதி வைத்தார்கள். ஸ்பானியருக்கும் பூர்வகுடிப் பெண்ணுக்கும் பிறந்தால் 'மெஸ்தீசோ' என்று தொடங்கி, பெரும்பாலும் 16 கட்டங்கள். அந்தக் கலப்பின் வழி வந்தவர்களை அமெரிக்க அரசுக்கு இன்றைக்கும் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. 1980 முதல் 'ஹிஸ்பானிக்' என்பதை எல்லோரிடமும் தனிக் கேள்வியாகக் கேட்டார்கள். 2024ல் இனம் பற்றிய கேள்வியோடு சேர்த்து ஒரே கேள்வியாக்க முடிவு செய்தார்கள்.

அவர்களுக்காவது பதினாறு கட்டம். நமக்கு ஒரே ஒரு கோடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்னாடி, கல்லுப்பட்டி ரோட்டில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சப்ளை பண்ணிய பையன் மணிப்பூர்க்காரன். என் சித்தப்பா மகன் அவனை, "ஏய் சைனாக்காரா, சட்னி கொண்டாடா" என்றான். நானும் சிரித்தேன். வெளியே வந்து கை கழுவும்போது கண்ணாடியில் தம்பி முகம் தெரிந்தது. அந்தப் பையனையும் இவனையும் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்பார்கள். அப்பத்தாவின் கண் இவனுக்குத்தான் அப்படியே வந்திருக்கிறது.

காகிதத்தில் கலப்பே இல்லை

அப்பாவின் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். சாதி என்ற இடத்தில் தாத்தாவின் சாதி. அவ்வளவுதான். கலப்பு என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை.

நம் சட்டம் பிள்ளையை அப்பன் வழியில் பார்த்தே பழகியது. ஆங்கிலோ இந்தியர் யார் என்று அரசமைப்புச் சட்டம் 366வது பிரிவில் சொல்கிறது: ஐரோப்பிய வம்சம் ஆண் வழியில் வந்திருக்க வேண்டும். அம்மா வழியில் வந்தால் கணக்கில்லை. கலப்புத் திருமணப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் அறிவிப்பதற்கு ஏற்பத் தந்தையின் சாதியோ தாயின் சாதியோ கொடுக்கலாம் என்று தமிழக அரசு 1975ல் ஆணை போட்டது. ரமேஷ்பாய் தாபாய் நாயக்கா வழக்கில் 2012ல் உச்ச நீதிமன்றமும், தந்தை சாதிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக் கூடாது, பிள்ளை யாரிடம் எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் இதெல்லாம் அம்மாவுக்கும் ஒரு சாதி இருந்தால்தான். இல்லாதவளை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இதனால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வசதி. அப்பத்தாவை மறைக்க யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். பங்காளி சித்தப்பா போட்ட கோடும் அப்படித்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்லய்யா. உங்கப்பாதான் கோடு போட்டுருன்னாரு."

அப்பாவிடம் கேட்டது

அதுதான் எனக்குப் பலமாக விழுந்தது. பள்ளிக்கூடத்தில் 'சப்பை' என்று அடி வாங்கியவர் அப்பா. அப்பத்தா சாகும்வரை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். நேரே கேட்டேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "உன் தங்கச்சிய கட்டிக் குடுக்கையில எத்தனை வீட்டுல விசாரிச்சுட்டுப் போனாங்க தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. மூன்று வீடு என்றார். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று போனவர்கள், பேரையூரில் விசாரித்துவிட்டுத் திரும்பி வரவில்லை. இப்போது தங்கை மகளுக்கு 22 வயசு. "புத்தகம் வீடு வீடாப் போகும்யா" என்றார் அப்பா.

நான் இதுவரை அவமானத்தில் மறைக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். அவர் பயத்தில் மறைக்கிறார். பேத்திக்காகப் பெற்ற தாயை ஒளிக்கிறார். வெளியே இருக்கிற வெறுப்பு வீட்டுக்குள் நுழைவது இப்படித்தான், பாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. மெக்சிகோப் பாட்டியும் பேரனின் நன்மைக்காகத்தான் சொல்கிறாள்.

தங்கை மகளிடமே கேட்டோம். "பர்மா பாட்டி பேரைப் போடுங்க மாமா. அதுக்காக வேணாம்னு போற வீடு போகட்டும்" என்றாள். சொல்வது எளிது, 22 வயசு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கூப்பிட்டு, "ஊருன்னு போடுற இடத்துல பெகுன்னு போடு. பேரு ஊர்க்காரங்க வச்ச பேரே இருக்கட்டும்" என்றார்.

இப்போதைக்கு அப்படித்தான் ஏற்றியிருக்கிறேன். எழுமலை, சாப்டூர், உசிலம்பட்டி, பெகு. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று தெரியும். அச்சுக்குப் போக இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. அந்தப் பர்மியப் பேரை எப்படி எழுத வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் ஒருத்தர்தான் அதைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர்.

உங்கள் வீட்டு வம்சாவளியிலும் எங்காவது ஒரு கோடு இருக்கலாம். சிலோனில், மலேயாவில், பர்மாவில் இருந்த யாரோ ஒருத்தி. கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.