தூண்டலின் தொடக்கம்: காவலூர் மறைப்பு நோக்கும் எண்ணிலக்கப் பன்னளவியின் தொலைக்கட்டளைகளும்

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி, உலக நேரப்படி 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனசை நோக்கியிருந்தது. எஸ்.ஏ.ஓ. 158687 என்னும் விண்மீனை அக்கோள் மறைக்கும் என முன்கணிக்கப்பட்டிருந்தது. அந்நேரத்திற்கு முன்னரே விண்மீனொளி சில நொடிகள் குன்றி மீண்டது. ஜே.சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகியோர் அதனைப் புதிய துணைக்கோள் ஒன்றின் விளைவாகக் கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினர். இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த கைப்பர் வானூர்தி ஆய்வகத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவினர் பெற்ற பதிவில் இத்தகைய குன்றல்கள் பல இருந்தன. அவை வளையங்களால் நேர்ந்தவை எனத் தெளிந்தது. எதிர்பார்த்த கணத்தில் மட்டும் பதிவைத் தொடங்கியிருந்தால் இரு குழுவினருக்கும் இக்குன்றல் கிட்டியிராது.

ஒளிமின் ஒளிமானியின் வெளியீட்டைப் பெருக்கினால் கிடைப்பது ஒரு மின்னழுத்தம். அதனை இன்று எண்ணிலக்கப் பன்னளவியால் அளந்து கணினிக்கு அனுப்பலாம். அளவீட்டை எப்போது தொடங்குவது என்பதை டிரிகர் எனப்படும் தூண்டல் அமைப்பு முடிவுசெய்கிறது. 1990இல் வகுக்கப்பட்ட எஸ்.சி.பி.ஐ. கட்டளைத் தரம் இதற்கான சொற்களைத் தந்தது. அத்தரத்தைப் பின்பற்றும் ஹியூலட்-பேக்கார்ட் 34401ஏ பன்னளவி இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

இக்கருவி முதலில் ஓய்வுநிலையில் இருக்கும். ‘இனிஷியேட்’ என்ற கட்டளை அதனைத் தூண்டலுக்குக் காத்திருக்கும் நிலைக்கு உயர்த்தும். தூண்டல் மூலம் மூவகைப்படும்: உடனடித் தூண்டல், பின்புற முனையில் வரும் வெளித்துடிப்பு, கணினி இணைப்பின் வழியே வரும் கட்டளை. தூண்டல் வந்தபின் குறித்த தாமதம் கழிந்து, கேட்ட எண்ணிக்கையில் அளவீடுகள் எடுக்கப்படும். தாமதம் முதல் அளவீட்டிற்கு மட்டும் உரியதன்று. ஒவ்வோர் அளவீட்டிற்கு முன்னும் அது கழியும். வேகமான தொடர்ப்பதிவை நாடுவோர் தாமதத்தைச் சுழியாக்காவிடில் கருவி தானாகவே ஒரு தாமதத்தைத் தேர்ந்துகொள்ளும்.

அளவீட்டுக் காலமும் கருதற்பாலது. இந்திய மின்வழங்கலின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. அக்காலம் முழுதும் தொகுத்து அளந்தால் மின்வழங்கலின் இரைச்சல் நீங்கும். நூறு சுழற்சி தொகுத்தால் துல்லியம் உயரும். ஆனால் ஓர் அளவீட்டிற்கு 2 நொடி செல்லும். குறுகிய வளையம் விண்மீனை மறைக்கும் நேரமோ ஒரு நொடி அளவே. ஆகவே மறைப்பு நோக்கிற்கு ஒரு சுழற்சியே தக்கது. தானியங்கிச் சுழிச்சீரமைப்பையும் நிறுத்திவிட வேண்டும்.

‘இனிஷியேட்’ கட்டளையால் எடுத்த அளவீடுகள் கருவியின் உள்நினைவகத்தில் தங்கும். பின்னர் ‘ஃபெட்ச்’ கட்டளையால் அவற்றைப் பெறலாம். அந்நினைவகம் 512 அளவீடுகளையே கொள்ளும். ஓர் அளவீட்டிற்கு 20 மில்லிநொடி எனில் இது பத்து நொடிக்குச் சற்று மிகுதி. முன்கணித்த நேரத்திற்கு 40 நிமிடம் முன்பே தொடங்க எண்ணுவோர்க்குத் தேவைப்படுவன 1,20,000 அளவீடுகள். ஆகவே உள்நினைவகத்தை நாடாமல், அளவீடுகளை நேரே வெளியீட்டிற்கு அனுப்பும் ‘ரீட்’ கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். ஒரு தூண்டலுக்கு 50,000 அளவீடுகளே உச்சவரம்பு; எனவே தூண்டல் எண்ணிக்கையையும் மூன்றாக உயர்த்தலாம்.

இங்கொரு பொறி உண்டு. தூண்டல் மூலம் கணினிக் கட்டளை என்றிருக்கையில் ‘ரீட்’ அனுப்பினால், கருவி விடை தரத் தூண்டலுக்குக் காத்திருக்கும். கணினியோ விடைக்குக் காத்திருக்கும். இம்முடக்கத்தைக் கருவி −214 என்னும் பிழையெண்ணால் அறிவிக்கிறது. ஓய்வுநிலையில் இருக்கும் கருவிக்குத் தூண்டல் அனுப்பினால் −211 தோன்றும். அத்தூண்டல் புறக்கணிக்கப்பட்டது என்பது அதன் பொருள். பிழை வரிசையைப் படிக்காத நிரல் இதனை அறியாது. விடியும் வரை வெற்றுக் கோப்பொன்று வளராமல் நிற்கும். மறைப்போ மீண்டும் நிகழாது.

காலக்குறிப்பு தனிச் சிக்கல். கணினி இணைப்பில் வரும் கட்டளை எக்கணத்தில் செயற்படும் என்பது கணினியின் சுமையைப் பொறுத்து மாறும். ஒரு நிகழ்வைப் பல இடங்களில் நோக்கி ஒப்பிடும்போது இம்மாறுபாடு வளையத்தின் இருப்பிடத்திலேயே பிழையாகும். ஆதலின் தொடக்கத்தைச் செயற்கைக்கோள் இடங்காட்டிப் பெறுவி நொடிதோறும் தரும் துடிப்புடன் இணைத்து, வெளித்தூண்டலாகக் கொடுப்பதே ஏற்றது. அந்நிலையில் ‘ரீட்’ கட்டளை துடிப்பின் வருகைக்குக் காத்திருக்கும். மேற்கூறிய முடக்கமும் நேராது.