கணினியில் ஒரு குடும்ப ஏடு

வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பழைய தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதனுள்ளே கறுப்புத் தாளில் மூலை ஒட்டி வைத்த படங்கள் சில. கடித உறைகளில் திணித்து வைத்த படங்கள் பல. அவற்றுள் ஒன்றில், ஸ்ரூடியோத் திரைச்சீலைக்கு முன்னால், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் நிற்கிறான். பேத்தி அப்படத்தை எடுத்து, "அம்மம்மா, இது ஆர்?" என்று கேட்கிறாள். அம்மம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்க்கிறார். பெயரைச் சொல்கிறார், எந்தப் பள்ளிக்கூடத்திலே சேரும்பொழுது எடுத்த படம் என்பதையும், அந்தச் சப்பாத்து யாரிடம் இரவல் வாங்கியது என்பதையும் சொல்லிச் சிரிக்கிறார். இதே கேள்வி பத்து ஆண்டுகள் பிந்திக் கேட்கப்பட்டிருந்தால், விடை சொல்ல எவரும் இருந்திருக்கமாட்டார். படம் அப்படியே இருந்திருக்கும். அது யாருடைய படம் என்பது மாத்திரம் மறைந்து போயிருக்கும்.

படங்களையும் கடிதங்களையும் ஓர் ஏட்டில் ஒட்டி, பக்கத்திலே குறிப்பெழுதி வைக்கும் பொழுதுபோக்கு புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் மேலை நாடுகளிலே அது பெரிதும் பரவியிருந்தது. அமெரிக்க எழுத்தாளராகிய மார்க் ட்வெயின், தாளிலேயே பசை பூசப்பெற்ற ஒட்டேடு ஒன்றை அமைத்து, 1873இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பசையை நீரால் நனைத்து ஒட்டினாற் போதும். இன்று அந்த ஏட்டின் இடத்தைக் கணினி பெற்றுள்ளது. கத்தரிக்கோலுமில்லை, பசையுமில்லை. படத்தின் மின்பிரதியை ஒரு பக்கத்தில் வைத்து, வேண்டிய அளவுக்குச் சுருக்கி, அதன் அருகே எழுத்துக்களைப் பொறித்து, பக்கம் பக்கமாகக் குடும்ப வரலாற்றைத் தொகுக்கலாம். எத்தனை முறை மாற்றியமைத்தாலும் மூலப் படத்திற்கு ஒரு கீறலும் நேர்வதில்லை என்பதே இதன் தனிச் சிறப்பு.

மூலப் படமோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் நுண்ணிய வெள்ளித் துகள்களாலானது. ஈரமும் மாசடைந்த காற்றும் படப்பட, அவ்வெள்ளி ஓரங்களிலே கண்ணாடிபோற் பளபளக்கத் தொடங்குகிறது. வண்ணப் படங்களில் உருவத்தைத் தாங்குவன சாயங்கள். பழைய வண்ணத் தாள்கள் பலவற்றிலே நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் மங்கும். 1970களில் எடுத்த திருமணப் படங்கள் பல இன்று செம்மை படர்ந்து காணப்படுவதற்கு இதுவே காரணம். ஒட்டும் தாளும் அதன்மேல் மெல்லிய பிளாஸ்ரிக் உறையுமாக வந்த அல்பங்களோ பாதுகாப்பதற்குப் பதிலாகத் தீங்கையே செய்தன. அவற்றின் பசை காலப்போக்கில் மஞ்சளாகிப் படத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அத்தகைய படத்தைப் பிய்த்தெடுக்க முயலாது, பக்கத்தை முழுமையாகவே பிரதி செய்வது நன்று. சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும் கண்ணாடிக்கு மேலாகவே பிரதி செய்தல் வேண்டும்.

பிரதி செய்வதற்கு ஸ்கானர் என்னும் வருடற்கருவி சிறந்தது. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற அளவிலே பிரதி செய்தால், அதே பருமனில் மீண்டும் அச்சிடலாம். சிறிய படங்களுக்கு 600 புள்ளிகள் தேவை. ஆறங்குல நீளமும் நாலங்குல அகலமும் கொண்ட படம் 600 புள்ளிகளில் 3600க்கு 2400 புள்ளிகளாக அமையும். அதை இரு மடங்கு பெரிதாக்கி அச்சிட்டாலும் தெளிவு குன்றாது. கருவி இல்லாதவர்கள் கைத்தொலைபேசியைப் பயன்படுத்தலாம். யன்னலோரத்துப் பகல் வெளிச்சத்தில், படத்துக்கு நேர் மேலாகப் பிடித்து எடுத்தல் வேண்டும். படத்தின் பின்புறத்தையும் பிரதி செய்ய மறத்தலாகாது. ஸ்ரூடியோவின் முத்திரையும், மங்கிய பென்சிலில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும்.

முதலில் எடுத்த பிரதியைத் தொடாது காத்து, வேறொரு பிரதியிலே திருத்தங்களைச் செய்வதே முறை. ஜேபெக் என்னும் வகைக் கோப்பு, திருத்தித் திரும்பச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் நுட்பத்தைச் சிறிது இழக்கும். டிஃப் என்னும் வகை கூடிய இடம் பிடித்தாலும் அவ்வாறு இழப்பதில்லை.

இனிப் பக்கம் அமைத்தல். பெட்டியிலுள்ள எல்லாப் படங்களையும் ஏட்டில் ஏற்ற முனைபவர் ஏட்டை ஒருபொழுதும் முடிக்கமாட்டார். ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று படங்கள் போதும். அவற்றோடு திருமண அழைப்பிதழையோ, பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையையோ, கொழும்பிலிருந்து தந்தையார் எழுதிய தபாலட்டையையோ சேர்த்தால் அப்பக்கம் உயிர் பெறும். பன்னிரண்டு அங்குலச் சதுரம் இத்தகைய ஏடுகளுக்கு வழக்கமான அளவாகும். பூவேலைகளும் வண்ணச் சட்டங்களும் கணினியில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை முகங்களை மறைக்காத அளவில் இருத்தலே அழகு.

ஆனால் ஏட்டின் உயிர்நிலை எழுத்திலேயே இருக்கிறது. இடமிருந்து வலமாக நிற்பவர் யாவர், எவ்வூர், எவ்வாண்டு, யார் எடுத்த படம் என்பன முதலில் வரவேண்டும். அதன்பின் படத்திலே தெரியாத ஒரு செய்தி வரவேண்டும். சப்பாத்து இரவல் வாங்கியது என்பதை எந்தக் கருவியும் கண்டு சொல்லமாட்டாது. அம்மம்மா ஒருவரே சொல்லவல்லவர். முதியவரின் முன்னே படத்தை வைத்து, அவர் பேசுவதைக் கைத்தொலைபேசியிலே ஒலிப்பதிவு செய்து, அவர் வாய்ச்சொல்லையே குறிப்பாக எழுதுவது மிக நன்று. கருவிகளை நாளையும் வாங்கலாம். ஆதலால் இவ்வேலையின் முதற்படி ஸ்கானர் வாங்குவதன்று, முதியவரிடம் போய் அமர்வதேயாம்.

தொகுத்த ஏட்டை ஒரே இடத்தில் வைத்திருப்பதும் ஆபத்தே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்திற் பிரதியுள்ள நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. ஒரே பிரதியாக இருந்த சுவடிகள் போனவை போனவையே. குடும்பப் படங்களுள் பெரும்பாலானவை ஒற்றைப் பிரதிகள்தாம். போர்க்கால இடப்பெயர்வுகளின்போது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் கையில் எடுத்தவர்கள் பலர், அல்பத்தை விட்டுவிட்டே புறப்பட நேர்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, புறப்படுவதற்கே நேரம் தரவில்லை.

யப்பானில் 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் கடல் பொங்கியபின், யமமோட்டோ என்னும் சிற்றூரின் சேற்றிலிருந்து இலட்சக்கணக்கான குடும்பப் படங்கள் மீட்கப்பட்டன. தொண்டர்கள் அவற்றைக் கழுவி உலர்த்தி, கணினிப் பிரதிகளும் செய்து, உரியவர்களைத் தேடிக் கொடுத்தனர். வீட்டை இழந்தவர்களும் முதலில் தேடி வந்த பொருள்களுள் ஒரு படம் இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

எனவே மூன்று பிரதிகள் வேண்டும்; அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும்; ஒன்று வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். கணினியில் ஒன்று, தனியான வன்தட்டில் ஒன்று, தொலைவிலுள்ள உறவினரிடம் ஒன்று என வகுத்துக்கொள்ளலாம். இறுவட்டுக்களும் வன்தட்டுக்களும் பழுதடைவனவாதலால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாதனத்திற்கு மாற்றுதலும் அவசியம். உறவினர் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலுமாகச் சிதறி வாழ்வது பல குடும்பங்களுக்குத் துயரமே. ஆயினும் இவ்விடயத்தில் அத்துயரமே காவலுமாகிறது. முடிந்த ஏட்டில் ஒன்றை நல்ல தாளில் அச்சிட்டு வைத்தால், மின்சாரமின்றியும் அதைப் புரட்டலாம்.

தகரப்பெட்டி இன்னும் அலுமாரியின் மேலேதான் இருக்கிறது. அதை இறக்குவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். பெயர்களைச் சொல்ல அம்மம்மா அருகில் இருக்கும் மாலையாக அது அமைதல் வேண்டும்.