சாம்பியன் ஆகாத அணியோடு ஆறு மாதம்

இங்கிலாந்தில் காலை 11 மணி என்றால் நமக்கு மாலை மூன்றரை. வீடுகளில் டீக்குப் பால் வைக்கிற நேரம். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடியும் வரை, கவுண்டி ஆட்டம் இருக்கிற நாட்களில், கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான் அங்கே முதல் பந்து விழும். நம் பக்கம் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைக்கும்போதும் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்கள் "நாலு நாள் விளையாடியும் டிராவா? இதை யார் பார்ப்பார்கள்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அமைப்பு. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி ஒரு நிலப்பிரிவு. அப்படி 18 கவுண்டிகள் முதல்தர கிரிக்கெட் ஆடுகின்றன. கவுண்டி சாம்பியன்ஷிப் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது 1890ல். கடைசியாக உள்ளே வந்தது டர்ஹம், 1992ல். 2000ம் ஆண்டு முதல் இரண்டு டிவிஷன். இப்போது மேல் டிவிஷனில் 10 அணிகள், கீழே 8. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பருவத்தில் 14 ஆட்டம், ஒவ்வொன்றும் நான்கு நாள். மேல் டிவிஷனில் கடைசி இரண்டு இடம் பிடிப்பவர்கள் கீழே இறங்க வேண்டும். கீழே முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் மேலே வருவார்கள்.

நம் ரஞ்சிக் கோப்பையில் காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று வரும். ஒரு நல்ல வாரம் அமைந்தால் கோப்பையை அள்ளிவிடலாம். கவுண்டி சாம்பியன்ஷிப்பில் இறுதிப் போட்டியே கிடையாது. செப்டம்பர் கடைசியில் புள்ளிப் பட்டியலில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்களே சாம்பியன். அதனால் ஏப்ரலில் குளிரில் நடுங்கிக்கொண்டு எடுத்த ஒரு புள்ளிக்கும், செப்டம்பரில் எடுக்கிற ஒரு புள்ளிக்கும் ஒரே மதிப்பு.

அந்தப் புள்ளிக் கணக்குதான் ரசிகனைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. 2025 பருவத்துக் கணக்கைச் சொல்கிறேன். வென்றால் 16, டிரா செய்தால் 8. இவை போக, முதல் இன்னிங்ஸின் முதல் 110 ஓவருக்குள் 250 ரன் எடுத்தால் ஒரு போனஸ் புள்ளி, பிறகு ஒவ்வோர் 50 ரன்னுக்கும் ஒன்றாக 450 வரை போனால் மொத்தம் ஐந்து. பந்துவீச்சில் 3, 6, 9 விக்கெட் விழும்போது ஒவ்வொன்று. தோற்கப் போகிற அணிகூட 248 ரன்னில் கடைசி ஜோடி நிற்கும்போது அந்த இரண்டு ரன்னுக்காக உயிரைக் கொடுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒன்றுமில்லாத ஓவர். பட்டியலை மனதில் வைத்திருப்பவருக்கு நெஞ்சு படபடக்கிற ஓவர்.

அந்த ஒரு புள்ளி என்ன செய்யும் என்று சோமர்செட்டைக் கேட்க வேண்டும். நான் பின்தொடர்கிற அணி அதுதான்.

சோமர்செட் இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கிறது. ஆப்பிள் தோட்டங்களும் அதிலிருந்து இறக்கும் சைடரும் பேர்போன பகுதி. அணியின் மைதானம் டாண்டன் என்ற சிறு நகரத்தில், டோன் ஆற்றங்கரையை ஒட்டி. ஒரு பக்கம் தேவாலயக் கோபுரம் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் குவாண்டாக் குன்றுகள் தெரியும். வாசலுக்கு விவியன் ரிச்சர்ட்ஸ் பெயர், ஒரு ஸ்டாண்டுக்கு இயன் போத்தம் பெயர். 1980ல் சுனில் கவாஸ்கர் இங்கே ஒரு பருவம் ஆடியிருக்கிறார், 2019ல் நம் முரளி விஜய் சில ஆட்டங்கள். இந்த அணி சாம்பியன்ஷிப்பில் ஆடத் தொடங்கியது 1891ல். 2025 பருவம் முடிகிற வரை ஒரு தடவைகூட அதை வென்றதில்லை. இரண்டாம் இடம் மட்டும் ஆறு தடவை: 2001, 2010, 2012, 2016, 2018, 2019.

2010ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் சோமர்செட் டர்ஹமில், போட்டி அணியான நாட்டிங்ஹாம்ஷயர் மான்செஸ்டரில் லங்காஷயரோடு. மழை விழுங்கிய ஆட்டத்தில் நாட்டிங்ஹாம்ஷயருக்கு வெற்றிக்கு வழியில்லை. ஆனால் அன்றைய விதிப்படி 400 ரன்னைத் தொட்டு பேட்டிங் போனஸை முழுதாக எடுத்துக்கொண்டு, பிறகு லங்காஷயரின் மூன்று விக்கெட்டை மடமடவென்று சாய்த்து ஒரு பந்துவீச்சுப் புள்ளியையும் பிடித்தார்கள். இரண்டு அணிகளும் சமப் புள்ளி. அதிக வெற்றி யாருக்கு என்று பார்த்ததில் கோப்பை நாட்டிங்ஹாம்ஷயருக்குப் போனது. அதே ஆண்டு டி20 இறுதியில் சோமர்செட்டும் ஹாம்ப்ஷயரும் சம ரன் எடுத்தன, விக்கெட் குறைவாக இழந்ததால் ஹாம்ப்ஷயர் வென்றது. 40 ஓவர் இறுதியிலும் தோல்வி. ஒரே கோடையில் மூன்று இரண்டாமிடம்.

2016 இன்னும் கொடுமை. சோமர்செட் தன் கடைசி ஆட்டத்தை ஒரு நாள் முன்னதாகவே வென்றுவிட்டது. கேப்டன் கிறிஸ் ராஜர்ஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதமடித்து அதோடு ஓய்வு பெற்றார். லார்ட்ஸில் மிடில்செக்ஸும் யார்க்‌ஷயரும் டிரா செய்தால் போதும், சோமர்செட் சாம்பியன். வீரர்கள் டாண்டனில் கூடி டி.வி. முன் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயோ இரண்டு கேப்டன்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். யார்க்‌ஷயர் பகுதிநேரப் பந்துவீச்சாளர்களை வைத்துச் சுலப ரன் கொடுக்க, மிடில்செக்ஸ் டிக்ளேர் செய்து 40 ஓவரில் 240 என்று இலக்கு வைத்தது. டோபி ரோலண்ட்-ஜோன்ஸ் ஹாட்ரிக் எடுத்து ஆட்டத்தை முடித்தார். மிடில்செக்ஸ் சாம்பியன்.

அது சூழ்ச்சி என்று சொன்ன சோமர்செட் ரசிகர்கள் உண்டு. எனக்கும் அன்று வயிறு எரிந்தது. ஆனாலும் அவர்கள் செய்தது சரி என்றுதான் சொல்வேன். கோப்பைக்கு வாய்ப்புள்ள இரண்டு அணிகள் டிராவில் படுத்துவிட மறுத்து, தோற்கவும் துணிந்து ஆடின. நான்கு நாள் கிரிக்கெட்டில் அதைவிட நேர்மையான ஆட்டம் எது?

இனி பருவத்துக்கு வருவோம். ஆறு மாதத்தில் ஆட்டமே குணம் மாறும். ஏப்ரலில் ஈரக்காற்று, புல் நிற்கிற பிட்ச். பார்வையாளர்கள் கம்பளி போர்த்தி ஃப்ளாஸ்க்கில் டீ எடுத்து வருவார்கள். பந்து இரண்டு பக்கமும் நகரும், ஸ்லிப்பில் நாலு பேர் நிற்பார்கள். பொதுவாக இது வேகப்பந்து வீச்சாளர்களின் மாதம். அதற்காக அப்படியே நம்பிவிட முடியாது. 2025 ஏப்ரலில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, டாம் பாண்டன் வூஸ்டர்ஷயருக்கு எதிராக டாண்டனில் 371 எடுத்தார். சோமர்செட் வீரர் ஒருவரின் மிகப்பெரிய தனிநபர் ஸ்கோர் அது. ஜஸ்டின் லாங்கரின் 342ஐத் தாண்டியது. அவ்வளவு அடித்தும் ஆட்டம் டிரா.

ஜூன், ஜூலையில் நான்கு நாள் ஆட்டங்களுக்கு நடுவே டி20 வந்து புகுந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை மாலைகளில் டாண்டன் நிரம்பி வழியும். சோமர்செட் இதில் கெட்டி: 2005, 2023, 2025 என மூன்று கோப்பை. ஆகஸ்டைத் தி ஹண்ட்ரட் எடுத்துக்கொள்கிறது. 2021ல் தொடங்கிய இந்த 100 பந்துப் போட்டியில் எட்டு நகர அணிகள்தான், சோமர்செட் மாதிரி சிறு கவுண்டிக்கு அதில் இடமில்லை. கவுண்டிகளின் நல்ல வீரர்கள் அங்கே போய்விட, மிச்சமிருக்கும் பையன்களை வைத்து ஒருநாள் கோப்பை ஆடுவார்கள். அந்தப் பையன்களைக் கவனித்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் கோடையின் நல்ல மாதத்தை நான்கு நாள் ஆட்டத்திலிருந்து பிடுங்கியது அநியாயம். இதில் நமக்கும் ஒரு தொடர்பு வந்துவிட்டது. லீட்ஸ் நகர ஹண்ட்ரட் அணியைச் சென்னையின் சன் டி.வி. நெட்வொர்க் 2025ல் முழுதாக வாங்கியிருக்கிறது. அணிகளை விற்ற பணத்தில் பங்கு கவுண்டிகளுக்கும் போகிறது. அது கவுண்டி கிரிக்கெட்டைக் காப்பாற்றுமா, ஓரங்கட்டுமா என்பதுதான் அங்கே இன்று நடக்கிற பெரிய விவாதம்.

அந்த விவாதத்தில் ரசிகனுக்கு வாக்கு இருக்கிறது. பெரும்பாலான கவுண்டிகளுக்கு முதலாளி கிடையாது, உறுப்பினர்களே சொந்தக்காரர்கள். ஆண்டுச் சந்தா கட்டுகிற ஓய்வுபெற்ற ஆசிரியரும் கடைக்காரரும் பொதுக்குழுவில் கை தூக்கலாம். 1986ல் சோமர்செட் நிர்வாகம் விவியன் ரிச்சர்ட்ஸையும் ஜோயல் கார்னரையும் நீக்க முடிவெடுத்தது. உலகமே வியந்த இரண்டு பேர், 1979ல் இந்த அணிக்கு முதல் கோப்பைகளை வாங்கித் தந்தவர்கள். கொதித்துப்போன உறுப்பினர்கள் ஷெப்டன் மாலட்டில் சிறப்புக் கூட்டம் கூட்ட வைத்தார்கள். வாக்கெடுப்பில் நிர்வாகமே வென்றது. நண்பர்களுக்காகப் போத்தமும் வெளியேறினார். அன்று பிரிந்த ஊர் ஒட்டப் பல ஆண்டுகள் ஆயின. இன்று மைதானத்தின் வாசலில் ரிச்சர்ட்ஸ் பெயர் இருப்பதை இந்தக் கதையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செப்டம்பரில் மீண்டும் நான்கு நாள் ஆட்டம் சூடுபிடிக்கும். டாண்டன் பிட்ச் அப்போது காய்ந்து சுழலும். எதிரணிகள் அதற்கு 'சைடராபாத்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2024 செப்டம்பர் 12ம் தேதி, சர்ரேயோடு நடந்த ஆட்டத்தின் கடைசி நாள். சர்ரே அப்போது தொடர்ந்து இரண்டு ஆண்டு சாம்பியன். முதல் இன்னிங்ஸில் 132 அடித்த பாண்டனுக்கு அதன் பிறகு கணுக்காலில் அடி. நடக்கவே முடியாதவர், இரண்டாம் இன்னிங்ஸில் கடைசி ஆளாக நொண்டிக்கொண்டே வந்து 46 ரன் சேர்த்தார். சர்ரேக்கு இலக்கு 221. நேரம் குறைவு, டிராதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சர்ரே 95க்கு 3.

அங்கிருந்து டாண்டன்காரரான ஜாக் லீச் ஒரு முனையில், 18 வயது ஆர்ச்சி வான் மறு முனையில். பந்து வீசுபவரைத் தவிர மீதிப் பத்துப் பேரும் பேட்ஸ்மேனைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். எல்லைக்கோட்டில் காக்க யாருமில்லை, ரன் போனால் போகட்டும், விக்கெட் விழ வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் கூட்டம் எழுந்து உட்கார்ந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது கடைசி விக்கெட் விழுந்தது. சர்ரே 109க்கு ஆல் அவுட். ஆர்ச்சி வானுக்கு ஆட்டத்தில் மொத்தம் 11 விக்கெட்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? இரண்டு நாள் கழித்து டி20 இறுதியில் குளோஸ்டர்ஷயரிடம் தோல்வி. அடுத்த வாரம் ஒருநாள் கோப்பை இறுதியில் கிளாமர்கனிடம் தோல்வி. சாம்பியன்ஷிப் கடைசியில் சர்ரேக்கே போனது, சோமர்செட் மூன்றாம் இடம். ஆனால் அந்த ஆண்டைப் பற்றிப் பேசினால் டாண்டனில் எல்லோரும் முதலில் சொல்வது அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைத்தான். முதல் மூன்று நாள் ஆட்டத்தையும் பார்த்தவருக்குத்தான் அந்த மணி நேரத்தின் முழு ருசி தெரியும். சுருக்கக் காட்சியில் விக்கெட் விழுவது மட்டும் தெரியும், அதற்காக எவ்வளவு நேரம் பொறுத்திருந்தார்கள் என்பது தெரியாது.

நீங்கள் தொடங்க நினைத்தால் செலவு எதுவுமில்லை. கவுண்டிகள் தங்கள் ஆட்டங்களை இணையத்தில் இலவசமாக ஒளிபரப்புகின்றன, பி.பி.சி.யின் வானொலி வர்ணனையும் கூடவே இருக்கிறது. அஸ்வின் சர்ரேக்காக 2021ல் ஆடிய ஒரே ஆட்டத்தில் சோமர்செட்டை 69 ரன்னில் சுருட்டியது, அவர் எடுத்த 6 விக்கெட், எல்லாம் இப்படித்தான் இங்கே பலருக்குப் பார்க்கக் கிடைத்தது. சாய் சுதர்சன், வாஷிங்டன் சுந்தர், சாய் கிஷோர் என்று நம் பையன்களும் அடிக்கடி கவுண்டிக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் பின்னால் போய் ஓர் அணியைப் பிடித்துக்கொண்டாலும் தப்பில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அணியை ஏப்ரலில் தேர்ந்தெடுங்கள், செப்டம்பர் வரை மாற்றாதீர்கள். நடுவில் பட்டியலில் எட்டாம் இடத்துக்குப் போனாலும் மாற்றாதீர்கள்.