வீட்டில்தான் இருக்கிறேன் என்றவர்கள்

பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து பயின்றோர் பல்லாண்டு கழித்துச் சந்தித்தால் முதலில் எழும் வினா, "இப்பொழுது எங்கே வேலை?" என்பதாகும். ஊதியம் எவ்வளவு என்று நேரே வினவுவது நாகரிகமன்று. ஆகையால் வேலையைக் கேட்டறிந்து, ஊதியத்தை மனக்கணக்காகப் போட்டுக்கொள்கிறோம். சென்னிமலையை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் 2004ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பை முடித்த நம் தோழர் குழாம், 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு திருமண மண்டபத்தில் கூடியபொழுதும் அவ்வாறே நடந்தது.

நம் வகுப்பில் ஏறக்குறையப் பாதிப் பேர் நெசவாளர் இல்லத்துப் பிள்ளைகள். எஞ்சியோரில் பெரும்பாலோர் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் நெல்லும் விளைவித்த குடும்பத்தினர். ஆண்களின் செய்திகளை விரைவில் சொல்லிவிடலாம். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் துணி வெட்டுவோர், கணக்கெழுதுவோர் சிலர். பெருந்துறை சிப்காட்டில் சிலர். காவல் துறையில் ஒருவர். பெங்களூரில் கணினிப் பொறியாளர் இருவர். தந்தையின் தறிக்குழியில் இன்றும் காலை வைத்திருப்பவர் ஒருவரே. அவரும் தம் முறை வந்தபொழுது சற்றுத் தயங்கித்தான் எழுந்தார்.

இது நம் வகுப்புக்கு மட்டும் உரிய செய்தியன்று. நாடு முழுவதிலும் கைத்தறி நெசவிலும் துணைத் தொழில்களிலும் ஈடுபட்டோர், 1995-96ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 65 இலட்சத்துக்கு மேற்பட்டவர். 2009-10இல் அத்தொகை 43 இலட்சமாகவும், 2019-20இல் 35 இலட்சமாகவும் குறைந்தது. தறியை விட்டு இறங்கியவர்கள் எங்கே சென்றார்கள் என்பதை அம்மண்டபத்தில் ஒவ்வொருவராக எழுந்து நின்று கூறினார்கள்.

நிற்க. நாம் எழுத வந்தது தோழியரைப் பற்றி. அவர்களுள் ஆசிரியை ஒருவர், செவிலியர் ஒருவர் நீங்கலாக, ஏனையோர் கூறிய விடை ஒன்றே: "வேலைங்களா? வீட்டில்தானுங்க இருக்கிறேன்." முகவரிப் பட்டியல் தயாரித்த அன்பரும் தொழில் என்னும் கட்டத்தில் அவர்களுக்கு ஒரு சிறு கோடு இட்டு நகர்ந்தார்.

உணவு வேளையில் நாம் சற்று விரிவாக விசாரித்தோம். கூட்டுறவு ஆய்வாளர் எங்கே சென்றாலும் பதிவேட்டைப் புரட்டும் புத்தி போவதில்லை! வீட்டில் இருப்பதாகச் சொன்ன தோழியருள் ஒருவர், விடியலில் தார் சுற்றத் தொடங்கிப் பொழுது சாயும்வரை தறியில் போர்வை நெய்கிறார். கணவர் காலை ஏழு மணிப் பேருந்தில் திருப்பூருக்குப் போய்விடுகிறார். ஆயினும் சங்கத்தின் அங்கத்தினர் கணவரே. பாவும் ஊடையும் பற்று எழுதப்படுவது அவர் பெயரில். கூலி வரவாவது அவர் வங்கிக் கணக்கில். இன்னொருவர் மஞ்சள் நடுவது முதல் கிழங்கை வேகவைத்து உலர்த்துவது வரையில் ஒன்பது பத்து மாத உழைப்பையும் தாமே மேற்பார்க்கிறார். ஏலத்திற்கு மூட்டை போகும்பொழுது சீட்டில் மாமனார் பெயர் இருக்கும்.

மேற்சொன்ன 2019-20ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள் என்பதை நம் வாசகர் கருத வேண்டும். வேளாண்மையிலோ, 2015-16ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நிலத்தைத் தம் பொறுப்பில் சாகுபடி செய்வோராகப் பதிவானவருள் பெண்கள் நூற்றுக்கு 14 பேரே. களையெடுப்போரை எண்ணினால் இக்கணக்கு எவ்வாறு மாறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் எவருடையதாயினும் பணம் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது என்று சிலர் கேட்பர். அன்று அங்கே வந்திருந்த மற்றொரு தோழியின் வரலாறே அதற்கு விடை. பதினோர் ஆண்டுகள் கணவர் பெயரிலிருந்த தறியில் அவர் நெய்தார். நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்தம் செய்யப்படுவதையும், அரசு 4 காசு சேர்ப்பதையும் நம் அங்கத்தினர் அறிவர். அப்பிடித்தம் அத்தனையும் கணவர் கணக்கில் சேர்ந்தது. பின்னர் இருவரும் பிரிந்தனர். கணவர் இறந்திருந்தால் வாரிசு என்ற முறையிலாவது அத்தொகை அவரைச் சேர்ந்திருக்கும். கணவர் பிரிந்து போனமையால் ஏதும் சேரவில்லை. அவர் நெய்தார் என்பதற்குப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. அச்சங்கத்தாரைக் குறை கூறவும் இடமில்லை. அவர்கள் ஏட்டில் உள்ளபடியே செய்தார்கள். ஏடுதான் உண்மைக்கு மாறாக இருந்தது.

இவ்வளவும் சொல்லி முடித்தபின் அவர் மோருக்கு உப்புக் கேட்டார். நம்மால் சிறிது நேரம் பேச இயலவில்லை.

கணவர் அங்கத்தினராயிருந்தால் மனைவிக்கு இடமில்லை என்பது பல ஊர்களில் நிலவும் எண்ணம். ஒரு தறிக்கு ஒரு பெயர் என்னும் வழக்கத்தால் வந்தது அது. வயது 18 நிரம்பி, சங்க எல்லைக்குள் குடியிருந்து, தொழில் அறிந்தவர் எவரும் விண்ணப்பம் தரலாம். கணவர் தறியை விட்டுவிட்டார் எனில், அத்தறியில் உண்மையாக நெய்பவர் பெயருக்கு நூல் வழங்குமாறு நிர்வாகக் குழுவைக் கோருவதே முறை. விண்ணப்பத்தை வாய்மொழியாக மறுத்தால், மறுப்பை எழுத்தில் காரணத்துடன் கேட்க வேண்டும். பயிர் சாகுபடி செய்யும் மகளிர் விஷயம் இன்னும் கடினம். பட்டாவும் அடங்கலும் ஆடவர் பெயரில் இருக்கையில் பயிர்க் கடன் கோருவது எளிதன்று. பாகப்பிரிவினை நடக்கும்பொழுதே பட்டாவில் பெயர் சேர்ப்பதைத் தவிர, இதற்கு நேர்வழி வேறு நமக்குத் தென்படவில்லை.

பிரிந்து வந்த தோழி வேறொரு சங்கத்தில் தம் பெயரிலேயே அங்கத்தினராகி இருக்கிறார். சேமிப்புக் கணக்கு முதல் காசிலிருந்து மீண்டும் தொடங்கியுள்ளது. தார் சுற்றும் தோழியோ, புறப்படும் நேரத்தில் நம்மைத் தனியே அழைத்து, "எம்பேருக்குப் பங்கு வாங்கினா, அவரு பங்கு அடிபட்டுப் போயிருங்களா?" என்று கேட்டார். போகாது என்றோம். "அப்ப அவருகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார். கணவர் வாயிற்புறத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னோம். வைகாசியில் நூல் பற்றும்போது பார்க்கலாம் என்றார்.