170 யென்னில் தொடங்கிய சொக்லேட் தினம்

சில வருடங்களுக்கு முன் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் எனது கடைக்கு வந்து, "ஜூலை 7ஆம் திகதி உலக சொக்லேட் தினம், இம்முறை நல்ல ஓட்டம் இருக்கும்" என்றார். அவர் பேச்சை நம்பி வழமையைவிட மூன்று மடங்கு சரக்கு இறக்கினேன். கொடுத்தது ஒரு மாதத் தவணைக் காசோலை. ஜூலை 7 வந்தது, போனது. கடைக்கு வந்த ஒருவருக்கேனும் அப்படியொரு தினம் இருப்பது தெரியாது. காசோலைத் திகதி மட்டும் தவறாமல் வந்தது. சூட்டில் இளகி, மீண்டும் இறுகி, வெள்ளை படர்ந்த பெட்டிகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அந்த நட்டம்தான் இந்தத் தினங்களைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது. அமெரிக்காவில் ஒக்டோபர் 28 ஒரு சொக்லேட் தினம். செப்டெம்பர் 13 இன்னொன்று. அது 1857இல் மில்டன் ஹெர்ஷி பிறந்த நாள். நாட்காட்டியில் தினங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், சனம் உண்மையிலேயே காசு கொடுத்து வாங்கும் தினம் ஜப்பானின் பெப்ரவரி 14தான். அந்த நாளின் நன்மை தீமை வேறு விடயம்; வியாபாரிகளாகிய நாம் அதன் கணக்கை மட்டும் பார்ப்போம்.

1958இல் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியிலுள்ள இசெட்டான் பெருங்கடையில், மேரி சொக்லேட் என்ற நிறுவனம் அந்நாளுக்கென ஒரு விற்பனையை நடத்தியது. மூன்று நாட்களில் விற்றவை 50 யென் சொக்லேட் மூன்று, 20 யென் அட்டை ஒன்று. மொத்தம் 170 யென்! நாமாக இருந்தால் அத்தோடு கைவிட்டிருப்போம். அவர்களோ அடுத்த வருடம் இதய வடிவில் சொக்லேட் செய்து, பெயர் எழுதிக் கொடுக்கும் வசதியோடு வந்தார்கள். பெண்கள் ஆண்களுக்குக் கொடுக்கும் நாள் என்று விளம்பரம் செய்தார்கள். யார் வாங்குவது, யாருக்குக் கொடுப்பது என்பது தெளிவானது. காலப்போக்கில் அது நாடு முழுவதும் வழக்கமாகிவிட்டது. 1980இல் இனிப்பு உற்பத்தியாளர் சங்கம் மார்ச் 14ஐ 'வெள்ளை தினம்' ஆக்கியது. பெற்ற ஆண்கள் திருப்பிக் கொடுக்கும் நாள் அது. ஒரு விற்பனை இரண்டானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அலுவலகத்தில் கூட வேலை செய்வோருக்கெல்லாம் கடமைக்காகக் கொடுக்கும் 'கிரி சொக்கோ' பெண்களுக்குச் சுமையானது. 2018 பெப்ரவரியில் கொடிவா நிறுவனமே, இந்தக் கடமைச் சொக்லேட்டை நிறுத்துவோம் என்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டது. விற்பவரே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு வாடிக்கையாளர் சலித்திருந்தார்கள்.

கானாவின் கதை வேறு. கொக்கோ விளைச்சலில் முன்னணியில் நிற்கும் அந்நாட்டின் கொக்கோவில் பெரும்பகுதி கொட்டையாகவே கப்பலேறுகிறது. உள்ளூரில் சொக்லேட் உண்போர் குறைவு. அதனால் 2000களின் நடுப்பகுதியில், அதே பெப்ரவரி 14ஐ தேசிய சொக்லேட் தினமாக்கினார்கள். இளைஞரின் கவனத்தைக் காதலர் தினக் களியாட்டங்களிலிருந்து திருப்புவதும், தமது மண்ணின் பொருளுக்கு உள்ளூரிலேயே சந்தை தேடுவதும் நோக்கங்கள்.

இரு நாடுகளிலும் தினத்தை உருவாக்கியவர்களுக்குத் தமது நோக்கமும் தமது வாடிக்கையாளரும் தெரிந்திருந்தன. நான் செய்தது எவரோ குறித்த திகதிக்குச் சரக்கு எடுத்தது மட்டுமே.

இப்போது ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு மட்டும் சிறு சொக்லேட்டுகள் எடுக்கிறேன். ஒரு வாரம் முன்னர், கைக்காசுக்கு. பிள்ளை தன் பெயரை எழுத ஓர் அட்டையை நானே சேர்த்துக் கொடுக்கிறேன். உறையில் எந்தத் தினத்தின் பெயரும் இருக்காது. மிஞ்சினால் மறுநாள் வழமையான விற்பனையில் போய்விடும். 2024 டிசம்பரில் கொக்கோ விலை தொன்னுக்கு 12,000 டொலரைத் தாண்டியதைப் பார்த்த பிறகு, தேங்கும் ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு பாரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த முறை யாராவது ஒரு 'உலக தினத்தை' உங்கள் கடைக்குக் கொண்டு வந்தால், காசோலைப் புத்தகத்தைத் திறக்க முன் ஒன்றைக் கேளுங்கள்: என் தெருவில் இதை யார், யாருக்காக வாங்குவார்?