ஏழு கன்னியர் மலையும் ஓர் எச்சரிக்கைக் குரலும்

பேராதனையிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகத் தெற்கே போனால் நோர்ட்டன் பிரிட்ஜ் வரும். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே நிற்கிறது ஏழு கன்னியர் மலை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, நெதர்லாந்தின் மார்ட்டின்ஏர் நிறுவனத்து டிசி-8 விமானம் அந்த மலையில் மோதியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் புறப்பட்டு, கட்டுநாயக்கவில் தரித்து ஜித்தா செல்லவிருந்த விமானம் அது. 182 பயணிகள், 9 பணியாளர்கள். 191 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

விமான நிலையம் இன்னும் சுமார் 70 கிலோமீட்டர் மேற்கே இருந்தது. விமானிகளோ அதை நெருங்கிவிட்டதாக நம்பி உயரத்தைக் குறைத்திருந்தார்கள். அவர்கள் நம்பியிருந்தது டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும். தரையில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையின் மாற்றத்தைக் கொண்டு டொப்ளர் வேகத்தை அறியும். வேகத்திலிருந்து கடந்த தூரத்தைக் கணிக்கும். சிறு பிழையும் மணிக்கு மணி சேர்ந்து பெரிதாகிவிடும்.

இந்த விபத்துக்கு மூன்று நாள் முன்னர், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டி.டபிள்யூ.ஏ. விமானம் ஒன்றும் மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தனர். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் ஜெட் விமானங்களில் பொருத்த வேண்டும் என்று அந்த மாதமே அமெரிக்கா உத்தரவிட்டது. பொறியியலாளர் டொன் பேட்மன் உருவாக்கிய கருவி அது. விமானத்துக்கும் நேர் கீழேயுள்ள தரைக்கும் இடையே தூரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் கணித்து, ஆபத்தென்றால் மேலே ஏறச் சொல்லிக் குரல் கொடுக்கும். விமானி தன் இடத்தைத் தவறாக நினைத்திருந்தாலும் இந்தக் கருவிக்கு அது பொருட்டல்ல.

ஆனால் அதற்கும் ஒரு குறை இருந்தது. கீழே பார்க்குமே தவிர, முன்னே செங்குத்தாக எழும் மலையை அறியாது. 1995இல் கொலம்பியாவின் காலி நகருக்கு அருகே மலையில் மோதிய விமானத்தில் அந்தக் கருவி இருந்தது; அது ஒலித்தபோது சில வினாடிகளே எஞ்சியிருந்தன. 159 பேர் இறந்தனர். அதற்குள் பேட்மனின் குழு அடுத்த கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தது. செய்மதி தரும் இருப்பிடத்தை உலக நிலப்பரப்பு வரைபடத்தோடு ஒப்பிட்டு, வரப்போகும் மலையை முன்கூட்டியே காட்டும் கருவி. சோவியத் யூனியன் தயாரித்த நிலப்படங்களையும் வாங்கி அந்த வரைபடத்தை நிரப்பினார்கள். காலி விபத்துக்குப் பின் அது பரவலாகக் கட்டாயமானது.

வர்ஜீனியா விபத்தின் இன்னொரு பாடம் கருவியைப் பற்றியதல்ல. ஏறத்தாழ ஆறு வாரம் முன்னர் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதேபோல் அளவுக்கு மீறித் தாழ இறங்கித் தப்பியிருந்தார்கள். அந்தச் செய்தி அவர்களின் நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. எனவே 1976இல் நாசா ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. தவறையோ மயிரிழையில் தப்பியதையோ விமானிகள் அதற்கு எழுதலாம். பெயர் வெளிவராது, பாடம் எல்லோருக்கும் போகும். சர்வதேச விதிகளின்படி விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. யாரையும் குற்றவாளியாக்குவது அல்ல.

இந்த அக்கறை நம் மலைப்பாதைகளுக்கும் வேண்டும். 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லவில் பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய விபத்துகளில் சாரதியின் தவறு எது என்பதோடு கேள்வி முடியக் கூடாது. அவர் எத்தனை மணிநேரம் ஓட்டினார், வளைவில் தடுப்பு இருந்ததா, முன்பு அங்கே தப்பியவர்கள் யாரிடம் சொன்னார்கள் என்றும் கேட்போம். கிடைக்கும் பதில்களை எல்லா டிப்போக்களுக்கும் அனுப்புவோம்.