சூதாட்டப் பணத்தில் எழும் கலையரங்குகள்: மக்காவ் நகரில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

சீனாவின் மக்காவ் நகரில், கோத்தாய் பகுதியில் ஒரு வட்ட அரங்கம். ஏறத்தாழ 2,000 பேர் உட்காரலாம். நடுவில் மேடை இருக்க வேண்டிய இடத்தில், ஐந்து ஒலிம்பிக் நீச்சல் குளங்களை நிரப்பும் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து மேடை எழும்பும்; அடுத்த நிமிடம் அதே இடத்தில் உயரத்திலிருந்து கலைஞர்கள் குதித்து மூழ்குவார்கள். 'தி ஹவுஸ் ஆஃப் டான்சிங் வாட்டர்' என்ற இந்த நிகழ்ச்சியை 2010-இல் பிராங்கோ டிராகோன் என்ற இயக்குநர் உருவாக்கினார். 2020-இல் கொரோனா காலத்தில் நின்றுபோனது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த அரங்கம் 2025 மே மாதம் மறுபடி திறந்தது.

நிகழ்ச்சியை நடத்துவது மெல்கோ என்ற கேசினோ நிறுவனம். அரங்கத்துக்கு அருகிலேயே சூதாட்ட மேசைகள் இரவு பகலாக ஓடுகின்றன. அந்த மேசைகள் ஈட்டுவதோடு ஒப்பிட்டால் நுழைவுச்சீட்டு வருமானம் சொற்பம். அப்படியிருக்க, இவ்வளவு செலவு பிடிக்கும் நிகழ்ச்சி ஏன் திரும்பி வந்தது? மக்காவில் 2023 முதல் அருங்காட்சியகங்களும் கச்சேரி அரங்குகளும் உணவகங்களும் வரிசையாகத் திறக்கப்படுவது ஏன்? விடை சுற்றுலாக் கையேட்டில் இல்லை. 2022-இல் மக்காவ் அரசு திருத்திய சூதாட்டச் சட்டத்திலும், அதன்கீழ் ஆறு நிறுவனங்கள் போட்ட கையெழுத்திலும் இருக்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு மேல் போர்த்துகீசியர் கையில் இருந்த மக்காவ், 1999 டிசம்பர் 20 அன்று சீனாவிடம் திரும்பியது. ஹாங்காங்கைப் போல இதுவும் தனி நிர்வாகப் பகுதி. பட்டாக்கா என்ற தனிப் பணம், தனிக் குடியேற்றச் சோதனை. சீன மண்ணில் கேசினோ சட்டப்படி நடக்கும் ஒரே இடமும் இதுதான். 1962 முதல் தொழிலதிபர் ஸ்டான்லி ஹோவின் நிறுவனத்துக்கு மட்டுமே இருந்த தனியுரிமை 2002-இல் முடிந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் உள்ளே வந்தன. 2004-இல் திறந்த சாண்ட்ஸ் மக்காவ், போட்ட முதலை ஓர் ஆண்டுக்குள் திருப்பி எடுத்தது. 2006-இல் மக்காவின் சூதாட்ட வருமானம் லாஸ் வேகஸ் நகரின் ஸ்டிரிப் என்ற கேசினோத் தெருவைத் தாண்டியது. 2013-இல் அது 36,000 கோடி பட்டாக்காவாக உயர்ந்தது. அந்தத் தெருவின் வருமானத்தைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. ஒரு பட்டாக்கா ஏறத்தாழ 11 ரூபாய்.

இந்தப் பண வெள்ளத்தின் பெரும்பகுதி, பெரும்பணம் வைத்து ஆடுபவர்களிடமிருந்து வந்தது. அவர்களைச் சீனாவின் பிற நகரங்களிலிருந்து அழைத்து வந்து, கடன் கொடுத்து ஆட வைத்து, ஊர் திரும்பியபின் கடனை வசூலித்தவர்கள் ஜங்கெட் எனப்படும் இடைத்தரகர்கள். நாட்டிலிருந்து பணம் வெளியேறுவதைச் சீன அரசு பொறுத்துக்கொள்ளவில்லை. 2021 நவம்பரில் மிகப் பெரிய தரகு நிறுவனமான சன்சிட்டியின் தலைவர் ஆல்வின் சாவ் கைதானார். 2023 ஜனவரியில் 18 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அதே காலத்தில் கொரோனாக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டன. 2019-இல் 29,250 கோடி பட்டாக்காவாக இருந்த வருமானம் 2022-இல் 4,220 கோடியாகச் சரிந்தது. அரசின் வருவாயில் பெரும்பங்கு சூதாட்ட வரியிலிருந்தே வரும் ஊர் இது. ஒற்றைத் தொழிலை நம்பி வாழ்வது எவ்வளவு ஆபத்து என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்போது தெரிந்தது.

கேசினோக்களின் உரிமம் முடிந்து புதுப்பிக்க வேண்டிய நேரமும் அந்த 2022-தான். அரசு வாய்ப்பை விடவில்லை. உரிமக் காலத்தைப் பத்து ஆண்டாகக் குறைத்தது. உரிமம் வேண்டுமானால் சூதாட்டத்துக்குத் தொடர்பில்லாத துறைகளில் முதலீடு செய்ய வேண்டும் என்றது. சாண்ட்ஸ் சைனா, கேலக்சி, மெல்கோ, எம்.ஜி.எம்., வின், எஸ்.ஜே.எம். ஆகிய ஆறு நிறுவனங்களும் சேர்ந்து 11,880 கோடி பட்டாக்கா முதலீட்டுக்கு ஒப்புக்கொண்டன. அதில் 10,870 கோடி சூதாட்டத்துக்கு வெளியே செலவாக வேண்டும். நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் தொகை. இன்னொரு நிபந்தனையும் இருந்தது: ஏதாவது ஓர் ஆண்டில் மொத்தச் சூதாட்ட வருமானம் 18,000 கோடியை எட்டினால், இந்த முதலீட்டை மேலும் 20 சதவீதம் வரை கூட்ட வேண்டும். முதல் ஆண்டான 2023-லேயே வருமானம் 18,310 கோடியைத் தொட்டுவிட்டது.

ஆகவே இன்று மக்காவில் நீங்கள் பார்க்கும் புதிய அரங்கமோ கண்காட்சியோ உரிம நிபந்தனையின் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். இது குறையில்லை. சூதாட்டம் என்ற தீமையை ஓர் ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டால், அந்த லாபத்தின் ஒரு பகுதி எல்லாரும் அனுபவிக்கும் பொருளாகத் திரும்பி வரவேண்டும் என்று சட்டம் சொல்வது நியாயமே. அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் முக்கியம்.

பெரும்பகுதி கோத்தாய்க்குப் போயிருக்கிறது. தைப்பா, கொலோவான் என்ற இரு தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் அது. அங்கே வெனிஸின் கால்வாய்கள், பாதி உயரத்தில் ஈபிள் கோபுரம், லண்டனின் பிக் பென் எல்லாமே நகல்களாக நிற்கின்றன. புகைப்படம் எடுக்க அழகாக இருக்கும். அரை நாளுக்கு மேல் அவற்றுக்குத் தகுதியில்லை என்பது என் தீர்ப்பு. 2022-க்கு முன்பே வந்தவையானாலும், நகல் அல்லாதவற்றைத் தேடுங்கள். கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீத் வடிவமைத்த மார்பியஸ் ஓட்டல் 2018-இல் திறந்தது. கட்டடத்தின் எலும்புக்கூட்டை வெளியே வலைபோல் பின்னி, நடுவில் ஓட்டைகள் விட்டு எழுப்பிய வடிவம். உள்ளே தங்க வசதியில்லாதவர்களும் வெளியே நின்று பார்க்கலாம். இன்றைய கட்டடக் கலையின் அரிய சாதனைகளில் ஒன்று அது. வெனிஷியன் கேசினோ ஓட்டலுக்குள் 2020-இல் திறந்த 'டீம்லேப் சூப்பர்நேச்சர்' குழந்தைகளோடு போவோருக்கு ஏற்றது. ஒளியும் நிழலும் நம் அசைவுக்கு ஏற்ப மாறும் ஜப்பானியக் கலைக்கூடம். வின் பேலஸ் ஓட்டலின் ஏரி மேல் ஓடும் கேபிள் காரையும் நீரூற்று ஆட்டத்தையும் தவறவிட வேண்டாம்.

கச்சேரி, விளையாட்டு ரசிகர்களுக்கு மாற்றம் இன்னும் கண்கூடு. 16,000 இருக்கைகள் கொண்ட கேலக்சி அரினா 2023-இல் செயல்படத் தொடங்கியபின், கொரிய இசைக் குழுக்களின் ஆசியப் பயணங்களில் மக்காவ் நிலையான ஊராகிவிட்டது. 2025 அக்டோபரில் வெனிஷியன் அரினாவில் அமெரிக்கக் கூடைப்பந்து அணிகளான புரூக்ளின் நெட்ஸும் பீனிக்ஸ் சன்ஸும் மோதின. 2019-க்குப் பிறகு சீன மண்ணில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்கள் அவை. அரசும் தன் பங்குக்கு 50,000 பேர் கூடக்கூடிய திறந்தவெளி அரங்கம் ஒன்றை 2024 டிசம்பரில் திறந்தது. கார்ப் பந்தயத்தில் ஆர்வமிருந்தால் 2021-இல் புதுப்பித்துத் திறந்த கிராண்ட் பிரி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1954 முதல் நகரத் தெருக்களிலேயே நடந்துவரும் பந்தயத்தின் வரலாறு அங்கே இருக்கிறது.

ஆனால் இந்தப் பணத்தால் எனக்கு உண்மையான மகிழ்ச்சி தரும் விளைவு கோத்தாயில் இல்லை. பழைய நகரத்தில் இருக்கிறது. உரிம ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக, நலிந்துபோன பழைய தெருக்களுக்கு உயிர் கொடுக்கும் பொறுப்பை அரசு அந்த ஆறு நிறுவனங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. 'ருவா டா பெலிசிடாட்' தெரு வின் நிறுவனத்துக்கு வந்தது. ஒரு காலத்தில் பாலியல் தொழில் நடந்த தெரு; சிவப்புச் சாளரக் கதவுகளுடன் வீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. 2023-இல் அது நடைபாதைத் தெருவாக்கப்பட்டது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பழைய கடைவீதியான அல்மெய்டா ரிபெய்ரோ சாலையில், 1928-இல் கட்டிய ஓட்டல் சென்ட்ரல் புதுப்பிக்கப்பட்டு 2024-இல் மறுபடி திறந்தது. இன்றைய கேசினோக்களின் மூதாதை அந்தக் கட்டடம். மேல்மாடியில் இருந்தவர்கள் பந்தயப் பணத்தைக் கூடையில் வைத்துக் கயிற்றால் கீழே இறக்கி ஆடினார்கள். கொலோவானில் மரக்கலம் கட்டிய லாய் சி வுன் பட்டறைகளைச் செப்பனிட்டு அரசே 2023-இல் பார்வைக்குத் திறந்தது.

இந்தப் பழைய நகரம் 2005 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 1835 தீயில் எரிந்து முகப்பு மட்டும் எஞ்சிய செயின்ட் பால் தேவாலயத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். ஆ-மா கோயிலுக்கு அருகில் உள்ள மூரிஷ் பாரக்ஸைப் பலர் கவனிப்பதில்லை. கோவாவிலிருந்து வந்த இந்தியப் படைப்பிரிவு தங்குவதற்காக 1874-இல் கட்டிய படைவீடு அது. வளைவுகளும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட அந்தக் கட்டடத்தின் முன் ஓர் இந்தியர் கட்டாயம் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

சாப்பாட்டிலும் இதே உறவு தொடர்கிறது. கோவா, கொச்சி, மலாக்கா வழியாக வந்த கப்பல்கள் மஞ்சளையும் தேங்காய்ப்பாலையும் மிளகாயையும் மக்காவ் சமையலறையில் சேர்த்தன. கொத்திய இறைச்சியை உருளைக்கிழங்கோடு வதக்கி முட்டை வைக்கும் மின்ச்சி, மிளகாயும் தேங்காயும் சேர்ந்த ஆப்பிரிக்கக் கோழி, இறால் விழுதான பலிச்சாங் போன்றவை இந்தக் கலப்பில் பிறந்தவை. கோவாவின் பல்சாவ் உண்டவர்களுக்கு இந்த இறால் மணம் உடனே பிடிபடும். 2017-இல் யுனெஸ்கோ மக்காவை உணவுக் கலை நகரமாக அறிவித்தது. 2021-இல் மக்கானிசச் சமையல் எனப்படும் இந்தக் கலப்புச் சமையல் சீனாவின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கேசினோ ஓட்டல்களில் உலகப் புகழ் பெற்ற சமையல்காரர்களின் உணவகங்கள் ஏராளம். வெனிஷியனில் உள்ள கோல்டன் பீகாக் இந்தியச் சமையலுக்கு மிச்செலின் நட்சத்திரம் பெற்றது. ஆனால் மக்காவுக்கே உரிய ருசி, குடும்பங்கள் நடத்தும் சிறு உணவகங்களில்தான். இனிப்புக்கு கொலோவான் போங்கள். 1989-இல் ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் அங்கே தொடங்கிய பேக்கரியின் முட்டை டார்ட்தான் பின்னர் ஆசியா முழுக்கப் பரவியது. சைவம் மட்டும் உண்பவர்கள் இந்திய உணவகத்தையோ கோயில் பக்கச் சீனச் சைவக் கடைகளையோ முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய நிறுவனங்களின் உரிமத்தின்கீழ் வேறு முதலாளிகள் நடத்திய 11 சிறு கேசினோக்களுக்கு 2025 முடிவுவரைதான் கெடு தரப்பட்டிருந்தது. அவற்றைச் சுற்றி இருந்த நகை அடகுக் கடைகளும் நூடுல்ஸ் கடைகளும் அந்த வாடிக்கையாளர்களை நம்பியே பிழைத்தன. ஊழியர்களுக்கு வேறு வேலை தர நிறுவனங்கள் கடமைப்பட்டிருக்கின்றன. கடைக்காரர்களுக்கு அப்படி யாரும் இல்லை. புது அரங்கங்களைப் பாராட்டும் கட்டுரைகள் இவர்களை மறந்துவிடுகின்றன. கோத்தாயில் தங்கினாலும் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது பழைய நகரத்தின் சிறு கடையில் வைத்துக்கொண்டால், அது அந்தத் தெருவுக்கு நேரடியாகப் போய்ச் சேரும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மக்காவில் 30 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம். ஹாங்காங் ஊருக்குள் நுழைவதானால் இணையத்தில் முன்பதிவு தேவை. ஹாங்காங்கிலிருந்து படகில் ஒரு மணி நேரம். 2018-இல் திறந்த 55 கிலோமீட்டர் கடல்பாலத்தின் வழியாகப் பேருந்திலும் வரலாம். எல்லைகளிலிருந்தும் படகுத்துறைகளிலிருந்தும் பெரிய ஓட்டல்களுக்கு இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன. ஹாங்காங் டாலரைக் கடைகளில் வாங்கிக்கொள்கிறார்கள். சீன விடுமுறை நாள்களில் கூட்டம் தாங்காது. வார நாள்களில் செல்லுங்கள்.

21 வயது நிறையாதவர்கள் சூதாட்டக் கூடத்துக்குள் நுழைய முடியாது. மக்காவின் அரசு ஊழியர்களுக்கும் தடை உண்டு. 2019 முதல், கேசினோவில் வேலை செய்பவர்களே பணி நேரத்துக்கு வெளியே சூதாட்டக் கூடத்துக்குள் போகக் கூடாது. அந்த மேசைகளைத் தினமும் அருகிலிருந்து பார்க்கும் ஊர், தன் மக்களை அவற்றிடமிருந்து காக்கச் சட்டம் போட்டிருக்கிறது. பயணம் போகும் நீங்களும் அந்தக் கூடத்தைத் தாண்டி நடந்துவிடுங்கள். அரங்கத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் பழைய தெருக்களுக்கும் போகச் சூதாட்டக் கூடத்துக்குள் நுழைய வேண்டியதில்லை.